வீதி கேட்கும் கேள்வி

ஒரு சமூகம் தன்னிடையே வாழும் மூத்தோரை எங்ஙனம் மதிக்கின்றது என்பதை அறிய விரும்புவோர், பாராட்டுக் கூட்டங்களுக்கும் பொன்னாடைகளுக்கும் போக வேண்டுவதில்லை. அகன்றதொரு சாலையின் சந்தியில், விளக்குக் கம்பத்தருகே, கால்மணி நேரம் நின்றால் போதும். சிவப்பு மனிதன் மறைந்து பச்சை மனிதன் தோன்றுகிறான். இளைஞர்கள் கைத்தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே இறங்கி நடந்துவிடுகின்றனர். அவர்களுக்குப் பின்னால், கைப்பையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, நடைபாதையின் விளிம்பைக் காலால் தடவிப் பார்த்து, ஒரு மூதாட்டி இறங்குகிறார். அவர் பாதிச் சாலையை எட்டுமுன் பச்சை மனிதன் மின்னத் தொடங்கிவிடுகிறான். அதனைக் கண்டதும் அவர் முகத்தில் தோன்றும் மாறுதலை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். வாகனங்களைக் கண்ட அச்சம் அதில் உண்டு. இத்தனை பேர் காத்திருக்கத் தாம் ஒருவர் பிந்திவிட்டோமே என்னும் வெட்கமும் அதில் உண்டு.

இவ்வெட்கம் நியாயந்தானா என்பதே நாம் இன்று ஆராயப் புகும் விஷயம்.

சிங்கப்பூர் 2014-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ‘அறிவார்ந்த தேசம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. அன்றுமுதல் அறிவார்ந்த நகரம், அறிவார்ந்த இல்லம், அறிவார்ந்த விளக்கு என்றெல்லாம் கேட்டு வருகின்றோம். நல்லது. நகரம் அறிவார்ந்தது என்றால், அது எதை அறிகின்றது? எச்சாலையில் எம்மணிக்கு எத்தனை வாகனங்கள் ஓடுகின்றன என்பதை அறிகின்றது. எந்தப் பேருந்து எத்தனை நிமிடத்தில் வந்து சேரும் என்பதை அறிகின்றது. இவை பயனுள்ள அறிவே. பேருந்து வரும் நேரத்தை முன்னரே அறிந்துகொண்டு, வெயிலில் நில்லாமல் வீட்டின் கீழ்த்தளத்து நிழலில் அமர்ந்திருக்கும் முதியவரைக் கண்ட எவரும் யந்திரத்தைப் பழிக்கமாட்டார். யந்திரம் வந்ததனால் மனிதத்தன்மை போயிற்று என்று புலம்பும் கூட்டத்தில் நாம் சேர்ந்தவரல்லோம். யந்திரமில்லாத அந்தக் காலத்தில் நம் பாட்டிமார் பலர், கண் மங்கிய நாள்முதல் திண்ணையைத் தாண்டாமலே கிடந்து மாண்டனர் என்பதையும் பழம்பெருமை பேசுவோர் சொல்வதில்லை.

ஆயினும், சாலை விளக்கின் கணக்கைச் சிறிது உற்றுநோக்க வேண்டும். பச்சை மனிதன் எத்தனை வினாடி நிற்கவேண்டும் என்பது எங்கிருந்து வருகின்றது? ஒரு மனிதன் ஒரு வினாடியில் எவ்வளவு தூரம் நடப்பான் என்று பொறியாளர் ஓர் அளவு வைத்துக்கொள்கின்றனர். பிரிட்டனில் நெடுங்காலமாக வழங்கிய அளவு வினாடிக்கு 1.2 மீட்டர். அமெரிக்காவிலும் ஏறத்தாழ அதுவே இருந்தது. 2009-ஆம் ஆண்டு விதிநூலில் அதனை 1.07 மீட்டர் அளவுக்குக் குறைத்தனர். இந்த 1.2 மீட்டர் என்பது யாருடைய நடை? 2012-இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வு, 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் நடையை அளந்து பார்த்தது. ஆடவரின் சராசரி வினாடிக்கு 0.9 மீட்டர், பெண்டிரின் சராசரி 0.8 மீட்டர். ஆடவரில் 100-க்கு 76 பேரும், பெண்டிரில் 100-க்கு 85 பேரும் அந்த 1.2 மீட்டர் வேகத்தை எட்டவில்லை.

24 மீட்டர் அகலமுள்ள சாலையை எடுத்துக்கொள்வோம். விதிநூலின் மனிதன் அதனை 20 வினாடியில் கடந்துவிடுகிறான். 0.8 மீட்டர் நடக்கும் மூதாட்டிக்கு 30 வினாடி வேண்டும். விதிநூல் அவருக்குக் கடன்பட்டிருப்பது 10 வினாடி. முதியோரில் மிகப் பெரும்பாலோர் ஓர் அளவை எட்டமுடியவில்லை என்றால், குறை அளக்கப்பட்டவர்களிடம் இருக்கின்றதா, அளவுகோலிடம் இருக்கின்றதா? தையற்காரன் தைத்த சட்டை ஊரில் முக்கால்வாசிப் பேருக்குப் பொருந்தவில்லையானால் ஊரார் உடம்பைக் குற்றம் சொல்வாருண்டோ? ஆனால் சாலையில் மட்டும் நாம் அதையே செய்து வருகின்றோம். மூதாட்டியும் அந்தக் குற்றச்சாட்டை ஏற்றுக்கொண்டு வெட்கப்படுகிறார்.

சிங்கப்பூர் இக்குறையைக் காணாமலிருந்துவிடவில்லை. 2009-ஆம் ஆண்டில் நிலப் போக்குவரத்து ஆணையம் ‘கிரீன் மேன் பிளஸ்’ என்னும் ஏற்பாட்டைக் கொணர்ந்தது. விளக்குக் கம்பத்தில் பொத்தானுக்கருகே அட்டையைப் படிக்கும் கருவியொன்று பொருத்தப்பட்டிருக்கும். 60 வயது கடந்தவர் தம்முடைய மூத்தோர் சலுகை அட்டையை அதன்மேல் வைத்தால், சாலையின் அகலத்துக்கேற்ப 3 முதல் 13 வினாடி வரை பச்சை மனிதன் கூடுதலாக நிற்பான். உடற்குறையுடையோர்க்கு வழங்கப்படும் அட்டைக்கும் இவ்வாறே. இன்று தீவெங்கும் பல நூறு சந்திகளில் இக்கருவி இருக்கின்றது. 2030-ஆம் ஆண்டளவில் இந்நாட்டுக் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியவராக இருப்பர் என்று அரசாங்கம் கணக்கிட்டிருக்கும்போது, இது சிறிய ஏற்பாடன்று. எளிது, மலிவு, பயனுள்ளது. இதனைக் கண்டுபிடித்தவர்களை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம். பாராட்டியபின் ஒரு சந்தேகத்தையும் கூற விரும்புகின்றோம்.

சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில், இத்தகைய கருவி பொருத்திய சந்தியொன்றில் நாம் நின்றிருந்தோம். அருகே, மகளின் பேறுகாலத்துக்காகத் தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மையார் நின்றார். வயது எழுபதுக்குக் குறையாது. இருமுறை பச்சை விளக்கு எரிந்தும் அவர் இறங்கவில்லை. அப்போது ஒரு சீன முதியவர் வந்து, அட்டையைக் கருவியின்மேல் வைத்துவிட்டு, விளக்கு மாறியதும் நிதானமாகக் கடந்து சென்றார். அவ்வம்மையார் அதனைக் கூர்ந்து பார்த்துவிட்டு, அஃதென்ன என்று நம்மை வினவினார். கூறினோம். தமக்கும் அது நேரம் கொடுக்குமா என்று கேட்டார். “தங்களிடம் இந்நாட்டு அட்டை இல்லையே, அம்மா” என்றோம். அவர் சிரித்துக்கொண்டே, “ஏன் தம்பி, முழங்காலுக்குக்கூட அட்டை எடுக்கணுமா?” என்றார்.

அறுபது கடந்த நம்மைத் ‘தம்பி’ என்றழைத்ததில் உண்டான மகிழ்ச்சி ஒருபுறமிருக்க, அக்கேள்வி நம்மை விட்டு நீங்கவில்லை.

அம்மையாருடைய முழங்காலும் அந்தச் சீன முதியவருடைய முழங்காலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஒரே சாலைதான், அதே வாகனங்கள்தாம். ஒருவருக்கு நேரம் கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை. காரணம், கருவி இருவரிடமும் கேட்டது, “உமக்கு எவ்வளவு நேரம் வேண்டும்?” என்பதன்று, “நீர் யார்?” என்பதே. நிறைமாதக் கர்ப்பிணி அதற்கு விடை கூறமுடியாது. கால் முறிந்து ஆறு வாரம் ஊன்றுகோலோடு நடக்கும் முப்பது வயதுத் தொழிலாளி கூறமுடியாது. இருபுறமும் இரு பேரப்பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு, அட்டையை எடுக்கக் கையொழியாமல் நிற்கும் தாத்தாவும், அட்டை வைத்திருந்தும், கூறமுடியாது.

மேலும் அந்த அட்டையின் பெயரைப் பாருங்கள்: சலுகை அட்டை. சலுகை என்னும் சொல் நம் மொழியில் இளக்காரமுடையது. செல்லப் பிள்ளைக்குத் தருவது சலுகை. வேண்டியவருக்குத் தருவது சலுகை. கொடுப்பவர் மனம் மாறினால் எடுத்துக்கொள்ளக் கூடியதும் சலுகையே. பேருந்துக் கட்டணத்தைக் குறைப்பது சலுகை என்றால் நமக்குச் சண்டையில்லை. ஆனால் உயிரோடு சாலையின் மறுபுறம் சென்று சேர்வதற்கு வேண்டிய 10 வினாடி எங்ஙனம் சலுகையாகும்? இளைஞனுக்கு அவனுடைய 20 வினாடியைச் சலுகை என்று கூறி எவரும் கொடுக்கவில்லையே. அவன் எந்த அட்டையையும் காட்டவில்லை. அவனுக்கு வேண்டிய நேரம் சாலையோடு சேர்ந்தே பிறந்தது.

இங்கே நம் நண்பர்கள் சிலர் குறுக்கிடுவர். இவர்கள் கூற்றில் வலுவுண்டு, தள்ளிவிடுவது நேர்மையாகாது. “எல்லாருக்கும் எப்பொழுதும் 30 வினாடி கொடுத்தால் என்னாகும்? ஒரு பேருந்தில் எண்பது பேர் இருக்கின்றனர். கடப்பதற்கு முதியவர் எவரும் இல்லாத வேளையிலும் அவர்கள் 10 வினாடி வீணே நிற்கவேண்டும். சந்திக்குச் சந்தி இப்படியானால் வேலைக்குச் செல்வோர் பிந்துவர், வாகனங்கள் தேங்கும், புகை பெருகும். வேண்டும்போது மட்டும், வேண்டியவருக்கு மட்டும் நேரத்தை நீட்டுவதுதானே அறிவு? அதைத்தானே அட்டை செய்கின்றது?” என்பர்.

வேண்டும்போது மட்டும் நீட்டுவது அறிவே. அதில் ஐயமில்லை. நாம் கேட்பதெல்லாம், வேண்டும்பொழுது இது என்பதை அறிவதற்கு, வேண்டுபவர் இன்னார் என்பதை ஏன் அறியவேண்டும் என்பதுதான். இளைஞன் ஒருவன் பொய்யாகக் கூடுதல் நேரம் கேட்டுவிடுவான் என்று அஞ்சுவதாயின், அவன் திருடிக்கொண்டு போகப்போவது என்ன? 10 வினாடி. அதனை வீட்டுக்கு எடுத்துச் சென்று பெட்டியில் வைத்துப் பூட்டவா முடியும்? விஷமம் செய்வோர் சிலர் இருப்பர். மின்தூக்கியின் எல்லாப் பொத்தான்களையும் அழுத்திவிட்டு ஓடும் சிறுவர்களும் இருக்கின்றனர். அதற்காக மின்தூக்கிக்கு அட்டை கேட்பாரில்லை.

கேளாமலேயே அறியும் கருவியும் உலகில் இல்லாமலில்லை. பிரிட்டனில் 1990-களில் பரவத் தொடங்கிய ‘பஃபின்’ என்னும் வகைப் பாதசாரிக் கடவையில், விளக்குக்கு மேலே உணர்கருவிகள் பொருத்தப்பட்டிருக்கும். சாலையில் இன்னும் ஆள் நடந்துகொண்டிருந்தால், வாகனங்களுக்கான சிவப்பு விளக்கை அவை சிறிது நீட்டிக்கும். பொத்தானை அழுத்தியவர் மனம் மாறிப் போய்விட்டால், வாகனங்களை வீணே நிறுத்தாமல் வேண்டுகோளை நீக்கியும்விடும். எண்பது பேர் கொண்ட பேருந்தைப் பற்றிக் கவலைப்பட்ட நண்பருக்கு இஃது ஆறுதலளிக்கும். பொத்தான் பெட்டியின் அடியில் சிறிய கூம்பொன்று இருக்கின்றது. கடக்கலாம் என்னும் வேளையில் அது சுழலும். பார்வையற்றவர் விரலால் அதனைத் தொட்டு அறிந்துகொள்வர். இவ்வளவுக்கும் இடையில் எவருடைய வயதும் கேட்கப்படவில்லை. எவருடைய நாடும் கேட்கப்படவில்லை. அக்கருவி அறிய விரும்புவது ஒன்றே: இன்னும் அங்கே ஒரு மனிதர் நடந்துகொண்டிருக்கின்றாரா?

இதிலும் குறையுண்டு. அக்கடவையில் மனித உருவம் எதிர்ப்புறத்தில் இராமல், புறப்படும் பக்கத்திலேயே கைக்கருகில் இருக்கும். பாதிச் சாலையில் நிற்பவர் நிமிர்ந்து பார்த்தால், இன்னும் நேரமிருக்கின்றதா இல்லையா என்று கூறுவார் எவருமில்லை. கருவி அவரைக் காத்துக்கொண்டுதான் இருக்கின்றது. அவருக்கு அது தெரியாது. தெரியாமல் காக்கப்படுபவர் அச்சத்தோடுதான் நடப்பார். நம் ஊர்ச் சந்திகளில் வினாடிகளை இறங்குமுகமாக எண்ணிக் காட்டும் எண்பலகை இவ்விடத்தில் மேலானது. ஆகவே அந்நாட்டுக் கருவியை அப்படியே பெயர்த்துக் கொணர்க என்று நாம் கூறவில்லை. அதன் கேள்வி நமக்குப் பிடித்திருக்கின்றது, அவ்வளவே.

“நீர் யார்?” என்று வீதி கேட்பதில் நமக்கு ஏன் இத்தனை கூச்சம் என்று வாசகர் வியக்கலாம். தமிழராகிய நமக்கு அக்கேள்வியின் வரலாறு தெரியும். 1924-ஆம் ஆண்டில், திருவாங்கூர் சமஸ்தானத்து வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய வீதிகளில் இன்னின்னார் நடக்கலாகாது என்றிருந்த தடையை எதிர்த்துப் பலர் சிறை சென்றனர். ஈரோட்டிலிருந்து பெரியார் சென்று இருமுறை சிறைப்பட்டதும் அதற்காகவே. அன்று வீதி கேட்டது இழிவுபடுத்துவதற்காக. இன்று சந்தியில் கருவி கேட்பது உதவுவதற்காக. இரண்டையும் ஒன்றெனக் கூறுவது அறிவீனம். அவர்கள் பட்ட பாட்டை அவமதிப்பதுமாகும். ஆனால் அவர்கள் வென்ற உரிமையின் உட்பொருள் யாது? பொதுவீதியில் இறங்குபவன் தான் இன்னான் என்று விடை கூறக் கடமைப்பட்டவனல்லன் என்பதே. நல்ல நோக்கத்தோடு கேட்டாலும், கேட்கும் பழக்கம் வீதிக்கு வந்துவிட்டால், நாளை நோக்கம் மாறும்போது கேள்வி மாறாமல் அங்கேயே இருக்கும்.

இது வெறுங்கற்பனையன்று. தொற்றுநோய்க் காலத்தில், 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ‘டிரேஸ்டுகெதர்’ என்னும் சிறு கருவி இங்கே வழங்கப்பட்டது. கைத்தொலைபேசியில் அச்செயலியை வைத்துக்கொள்ள இயலாத முதியோர்க்கே அது முதலில் தரப்பட்டது. கழுத்தில் மாட்டிக்கொண்டால் போதும். பொத்தானும் இல்லை, திரையும் இல்லை. அவர்களை மறவாமல் செய்த ஏற்பாடு என்று நாமும் மகிழ்ந்தோம். 2021-இல் கடைத்தொகுதிகளுக்குள் நுழைய அதுவே சீட்டாயிற்று. தொற்றினைத் தொடர்வதற்கன்றி வேறெதற்கும் அத்தகவல் பயன்படாது என்று முதலில் கூறப்பட்டிருந்தது. 2021 ஜனவரியிலோ, குற்ற விசாரணைக்காகப் போலீசார் அதனைப் பெறமுடியும் என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. மக்களிடையே எழுந்த மனக்குறையின்பின், ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டுமே அது பயன்படலாம் என்று அடுத்த மாதமே சட்டம் இயற்றப்பட்டது. அரசாங்கம் தானே வெளிப்படையாகக் கூறிற்று என்பதும், பின்னர்ச் சட்டத்தால் வரம்பிட்டது என்பதும் பாராட்டத்தக்கவையே. நோய் தணிந்தபின் அக்கருவியும் வழக்கொழிந்தது. எனினும், கடைக்குள் போக உதவுகின்றது என்று நம்பிக் கழுத்தில் மாட்டிக்கொண்ட பாட்டியிடம், தன் வேறு வேலையைப்பற்றி அக்கருவி ஒன்றும் கூறியதில்லை.

எனவே ஆளை அடையாளம் காணாமல் ஆள் இருப்பதை மட்டும் காணும் யந்திரத்தை நாம் புகழும்போது, ஒரு நிபந்தனையையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கின்றது. இக்காலத்துப் புகைப்படக் கருவிகள் மெதுவாக நடப்பவரைக் கண்டு நேரத்தை நீட்ட வல்லவை. அதே பார்வையில் அவர் முகத்தைப் படித்துப் பதிந்துவைக்கவும் வல்லவை. சாலையைக் கடந்தவுடன் கடந்தவரை மறந்துவிடும் யந்திரமே நமக்கு வேண்டும். மறதியை முதுமையின் நோய் என்கின்றோம். யந்திரத்துக்கு அந்நோயைச் சிறிது கொடுக்க முடிந்தால் நலம்.

நம் பழைய வழிகளில் சுமைதாங்கி என்று ஒன்று இருந்தது. இரு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தி, தலைச்சுமையை ஒருவர் உதவியின்றித் தாமே இறக்கவும் ஏற்றவும் கூடிய உயரத்தில் அமைத்திருப்பர். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதனை நாட்டும் வழக்கம் தமிழ்நாட்டில் இருந்தது. அவள் இறக்கமுடியாமல் போன சுமையை எண்ணி, வழிப்போக்கர் சுமையையாவது இறக்கிவைக்கட்டும் என்று செய்தனர். அதனைப் பற்றிய மூடநம்பிக்கைகளை நாம் போற்றவில்லை. ஆனால் அக்கல்லின் அறிவை எண்ணிப் பார்க்கவேண்டும். தலைச்சுமைக்காரியின் உயரத்தை அது அறிந்திருந்தது. அவள் பெயரை அறிந்திருக்கவில்லை. எவர் வந்தாலும் தோள் கொடுத்தது. (தண்ணீர்ப் பந்தலில் கூடச் சாதி பார்த்துத் தனிக்குவளை வைத்த ஊர்களில், இக்கல் ஒன்றாவது குவளை மாற்றாமல் நின்றது என்று சொல்லலாம்.)

சிங்கப்பூரிலும் இன்று இத்தகைய கற்கள் இல்லாமற் போகவில்லை. 2014 முதல் முதியோர் மிகுந்த வட்டாரங்களில் ‘சில்வர் ஸோன்’ என்னும் பகுதிகளை அமைத்து வருகின்றனர். அங்கே வாகன வேகத்துக்கு வரம்பைக் குறைத்திருக்கின்றனர். நேர்ச்சாலையை வளைத்தும், மேடிட்டும், ஓட்டுநர் தாமாகவே மெதுவாகச் செல்லும்படி செய்திருக்கின்றனர். எல்லாவற்றிலும் நாம் விரும்புவது சாலை நடுவே அமைந்த திட்டு. ஒரு பாதியைக் கடந்து, அத்திட்டில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபாதியைக் கடக்கலாம். இதில் மின்சாரம் இல்லை, உணர்கருவி இல்லை. ஆயினும் அறிவார்ந்த தேசத்தின் அறிவுள்ள பொருள்களில் இத்திட்டையும் நாம் சேர்த்தே எண்ணுகின்றோம்.

மின்தூக்கியின் கதை இன்னும் ஆழமானது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் பழைய அடுக்குமாடிக் கட்டடங்கள் பலவற்றில், செலவைக் குறைப்பதற்காக, மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்பதில்லை. சில மாடிகளுக்கு ஒருமுறைதான் நிற்கும். அக்கட்டடங்களில் குடியேறியபோது எல்லாரும் இளையோர். இரண்டு மாடி ஏறுவது ஒரு பொருட்டன்று. முப்பது ஆண்டு சென்றபின் அதே இரண்டு மாடி மலையாயிற்று. மூட்டுவலி வந்த பாட்டிக்குச் சந்தை, நூலகம், தோழியின் வீடு, எல்லாம் அந்தப் படிக்கட்டுக்கு அப்பால் சென்றுவிட்டன. எவரும் அவரைப் பூட்டிவைக்கவில்லை, கட்டடம் பூட்டிவைத்தது. 2001-இல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. இன்று அத்தகைய கட்டடங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் மாடிக்கு மாடி மின்தூக்கி நிற்கின்றது. அது செய்த நன்மையைக் கணக்கிட்டுக் கூற இயலாது.

ஆனால் அதற்கும் ஒரு விதி இருந்தது. அக்கட்டடத்தில் வாக்களிக்கும் தகுதியுடைய குடும்பங்களில் 100-க்கு 75 ஆதரித்தால்தான் வேலை தொடங்கும். பணம் பலர் கையிலிருந்து செல்வதால் பலர் கருத்தைக் கேட்பது முறையே என்பர். இவ்விஷயத்தில் நம் மனம் இரண்டாகவே இருக்கின்றது. ஒருபுறம், நான்காம் மாடிப் பாட்டி வெளியே வரலாமா என்பதைப் பக்கத்து வீட்டார் வாக்களித்துத் தீர்மானிப்பது உறுத்துகின்றது. மறுபுறம், மின்தூக்கி முன்பே நிற்கும் மாடியிலிருந்தவர்களும், தமக்கு ஒரு பயனுமில்லை என்று தெரிந்தே, கட்டடத்துக்குக் கட்டடம் ஆதரவாக வாக்களித்திருக்கின்றனர். அந்த வாக்குச்சீட்டில் அவர்கள் எழுதியதைவிட நல்லதொரு மரியாதையை எந்தப் பொன்னாடையும் செய்ததில்லை. உரிமை என்று விதியிலேயே எழுதியிருந்தால் இந்த மரியாதை வெளிப்பட்டிராது. ஆனால் 100-க்கு 74 பேர் ஆதரித்த கட்டடம் ஒன்று இருந்திருக்குமாயின், அங்கே வாழ்ந்த பாட்டிக்கு இவ்வாதம் ஆறுதலாகாது. நின்றுபோகாத மின்தூக்கியைப் பாட்டி மரியாதையால் ஏறிக் கடக்க முடியாதன்றோ? ஆகையால், இரண்டில் ஒன்றைத் தேரவேண்டுமெனில், விதியையே நாம் தேர்வோம்.

இனி, நம்மைப் பற்றியும் ஒரு சொல். இவ்வளவு எழுதும் நம்முடைய சட்டைப்பையிலும் அந்த அட்டை இருக்கின்றது. அதனைக் கருவியின்மேல் வைக்காமல், மூச்சிரைக்க விரைந்து கடந்த நாள்கள் பல. அருகே நிற்கும் இளைஞர் பார்ப்பரே என்னும் எண்ணமே காரணம். அட்டையை வைப்பது, “நான் கிழவன்” என்று சந்தியில் நின்று கூவுவது போலத் தோன்றியது. இது வீண் கர்வம் என்று நம் மனைவியார் கூறுவார். அவர் கூறுவது மெய். ஆனால் கர்வத்தைத் திருத்தும்வரை காத்திராமல் உயிரைக் காப்பதுதானே நகரத்தின் வேலை? கர்வம் பிடித்த கிழவரும் மறுபுறம் சென்று சேரவேண்டியவரே. பெருவிரைவு ரயில் நிலையத்தில் மின்தூக்கியில் ஏறும்போது நமக்கு இக்கூச்சம் உண்டாவதில்லை. அங்கே தள்ளுவண்டிக் குழந்தையும், பெட்டி இழுக்கும் பிரயாணியும், சோம்பல் மிகுந்த இளைஞனும் நம்மோடு நிற்கின்றனர். எல்லாருக்கும் பொதுவானதில் எவருக்கும் வெட்கமில்லை.

சிறிய மாற்றம் ஒன்று போதும் என்று நமக்குத் தோன்றுகின்றது. அட்டைக் கருவி இருக்கட்டும், பழகியவர்கள் பயன்படுத்தட்டும். அதனருகே, எவரும் அழுத்தக்கூடிய இரண்டாவது பொத்தான் ஒன்றை வைக்கலாம்: கூடுதல் நேரம் வேண்டுவோர்க்கு என்று. வயது கேளாமல், நாடு கேளாமல். சந்திக்குச் சந்தி வாகனங்கள் எவ்வளவு பிந்துகின்றன என்பதையும், விஷமிகள் எத்தனைபேர் என்பதையும் ஓராண்டு எண்ணிப் பார்க்கலாம். எண்ணுவதில் இந்நகரம் வல்லது. எண்ணிய பிறகு வேண்டாம் என்று முடிவாயின் அதற்கான காரணத்தை நாமும் பொறுமையோடு கேட்போம்.

அன்று மாலை அவ்வம்மையாரின் கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. ஆகவே சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்துக் கருவியின்மேல் வைத்தோம். அருகே நின்ற இளைஞர் எவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விளக்கு மாறியது. அம்மையார் நம் முழங்கையைப் பற்றிக்கொள்ள, இருவரும் பேசிக்கொண்டே கடந்தோம். பேத்திக்கு இன்னும் பெயர் வைக்கவில்லையாம், வீட்டில் அதுவே பெரிய வழக்காம். மறுகரையில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது எண்பலகையில் இன்னும் 4 வினாடி மீதமிருந்தது. அரிசி மூட்டைகள் ஏற்றிய தள்ளுவண்டியோடு, கடைப்பையன் ஒருவன் அப்பொழுதுதான் நடுச்சாலையைத் தாண்டி வந்துகொண்டிருந்தான்.